கதை இலாகாவுக்கு ஓர் அஞ்சலி

படத்துக்குப் போனால் டைட்டில் ஓடும்போதுதான் நாம் இருக்கை தேடுகிறோம். அதனாலேயே பழைய படங்களின் தொடக்கத்தில் வந்துபோன ஒரு பெயரைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். ‘சந்திரலேகா’வின் கதை யாருடையது என்று தேடினால் ஒரு மனிதரின் பெயர் கிடைக்காது. ஜெமினி கதை இலாகா என்பதுதான் விடை. காமிராவுக்கும் ஒலிப்பதிவுக்கும் மேக்கப்புக்கும் இலாகாக்கள் இருந்ததுபோல அங்கே கதைக்கும் ஓர் இலாகா இருந்தது. சம்பளப் பட்டியலில் எழுத்தாளர்களும் கவிஞர்களும் இருந்தார்கள். படத்தில் வரப்போகும் ஆட்களைப் பற்றி உட்கார்ந்து பேசுவதே அவர்களுடைய உத்தியோகம்.

அந்த உத்தியோகம் இன்று இல்லை. அது மறைந்தபோது எந்தப் பத்திரிகையும் கறுப்புக் கட்டம் போடவில்லை. ஸ்டூடியோக்கள் இடிந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், நட்சத்திரங்கள் இறந்ததைப் பற்றி அதைவிட நிறைய. ஒரு கதாபாத்திரத்தை நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, அவள் எப்படிப்பட்டவள், எங்கே உடைவாள், எதற்கு இணங்க மாட்டாள் என்று மாதக்கணக்கில் விவாதித்த ஒரு வழக்கம் செத்துப்போனதைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை. என் கணக்கில் தமிழ் சினிமாவின் பெரிய இழப்புகளில் அது ஒன்று.

இலாகா ஏன் ஜெமினியில் அவ்வளவு உறுதியாக உருவாயிற்று என்பதற்கு ஒரு காரணம் உண்டு. எஸ்.எஸ். வாசன் சினிமாவுக்குள் நுழையும் முன்பே பத்திரிகைக்காரர். ‘ஆனந்த விகடன்’ அவர் கையில் வளர்ந்தது. அவர் எழுதிய ‘சதிலீலாவதி’ 1936-ல் படமானது, எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியது அதில்தான். தொடர்கதை எப்படி நடக்கும், அடுத்த வாரம் வாசகர் யாரைத் தேடுவார், எந்தப் பாத்திரம் சலித்துவிட்டது என்பதெல்லாம் ஆசிரியர் அறையில் தினமும் பேசப்படுகிற விஷயங்கள். 1940களின் தொடக்கத்தில், தீவிபத்துக்கு உள்ளான ஒரு ஸ்டூடியோவை மவுண்ட் ரோட்டில் ஏலத்தில் எடுத்து ஜெமினி என்று பெயர் வைத்தபோது, அந்த ஆசிரியர் அறையையும் அவர் கூடவே கொண்டுவந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கொத்தமங்கலம் சுப்பு, கே.ஜே. மகாதேவன், ‘சுதந்திரச் சங்கு’ பத்திரிகைக் காலத்துச் சங்கு சுப்பிரமணியம், வேப்பத்தூர் கிட்டு, நைனா. சந்திரலேகாவின் திரைக்கதையோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்கள் இவை. எஸ்.டி.எஸ். யோகியார், ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயா போன்ற கவிஞர்களும் ஜெமினி வளாகத்தில் நடமாடினார்கள். 1952-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அசோகமித்திரன் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகள் இல்லாவிட்டால் இந்த இலாகாவின் அன்றாடத்தைப் பற்றி நமக்கு மிகக் கொஞ்சமே தெரிந்திருக்கும். இலாகாவில் ஒரு வக்கீல் இருந்ததையும், நாள் முழுக்க நல்ல காப்பி கிடைத்ததையும், எந்தச் சிக்கலான காட்சியைச் சொன்னாலும் சுப்பு அதற்கு நாலு வழி சொல்வார், அது போதாது என்றால் இன்னும் பத்துக்கு மேல் சொல்வார் என்பதையும் அவர்தான் எழுதிவைத்தார்.

சந்திரலேகா என்ற பெண் உருவான விதத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இலாகா என்ன செய்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

‘பாலநாகம்மா’வும் ‘மங்கம்மா சபத’மும் நன்றாக ஓடியிருந்த சமயம். திடமான ஒரு பெண்ணை மையமாக வைத்து அடுத்த படம் வேண்டும் என்பது திட்டம். இலாகா கொண்டுவந்த ஒரு கதையில், முரட்டுக் கொள்ளைக்காரனின் மூக்கை அறுத்து அந்தக் காயத்தில் மிளகாய்ப் பொடியைத் திணிக்கிற ஒருத்தி இருந்தாள். அந்தக் கோரம் வாசனுக்குப் பிடிக்கவில்லை. கதையைத் தள்ளினார், அவளுடைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். கதை இல்லாமலேயே ‘சந்திரலேகா’ அறிவிக்கப்பட்டது. பிறகு மூன்று மாதம் முட்டிப் பார்த்தும் கதை வசப்படவில்லை. இதைக் கிடப்பில் போட்டுவிட்டு ‘ஔவையார்’ எடுக்கலாம் என்று சொல்லி வாசன் இன்னும் ஒரு வாரம் கெடு கொடுத்தார். அந்த வாரத்தில் கிட்டு ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ் எழுதிய ‘ராபர்ட் மெக்கேர்’ நாவலைப் புரட்டினார். ரெயினால்ட்ஸ் நம் ஊருக்கு அந்நியர் அல்ல. ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் அவரை ஏற்கனவே தமிழில் தழுவிப் புழக்கத்தில் விட்டிருந்தார்கள். நாவலின் தொடக்கத்தில் இருட்டில் ஒரு தபால் வண்டியைக் கொள்ளைக் கூட்டம் மறிக்கிறது. வண்டியில் ஒளிந்திருந்த ஓர் இளம்பெண் பிடிபடுகிறாள். அவள் நடனக்காரி என்று தெரிந்து ஆடச் சொல்கிறார்கள். மறுக்கிறாள். சாட்டையடி விழுந்த பிறகு ஆடுகிறாள்.

இலாகாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான், ஒரு காட்சி. ஆனால் அந்தக் காட்சியிலிருந்து ஒரு மனுஷியை வளர்த்தெடுத்தார்கள். படத்தில் சந்திரலேகா முதலில் வில்லன் சசாங்கனின் ஆட்களிடம் சிக்கி அடிபட்டு ஆடுகிறாள். தப்பி ஓடுகிறாள், சர்க்கஸில் சேர்கிறாள், மறுபடி பிடிபடுகிறாள். அரண்மனையில் சசாங்கன் நெருங்கும்போதெல்லாம் மயங்கி விழுவதாக நடிக்கிறாள். கடைசியில் கல்யாணத்துக்குச் சம்மதிப்பதாகச் சொல்லி, அதற்கு முன்பு முரசு நடனம் வேண்டும் என்று கேட்கிறாள். அந்தப் பெரிய முரசுகளுக்குள் வீரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசு பிளந்து போர் தொடங்குகிறது.

அந்த முரசு நடனத்தைப் பிரமாண்டம் என்று எல்லோரும் பேசுகிறோம். நான் அதை ஒரு பாத்திரத்தின் முடிவாகப் பார்க்கிறேன். அடித்து ஆடவைக்கப்பட்டவள், தானே ஆட்டத்தைக் கேட்டு வாங்கி அதையே ஆயுதமாக்குகிறாள். முதல் ஆட்டம் இல்லாவிட்டால் கடைசி ஆட்டம் வெறும் செட்டும் கூட்டமும்தான். மூக்கறுத்து மிளகாய்ப் பொடி திணித்த அந்தத் தள்ளுபடிப் பெண்ணின் துணிச்சல் அவளுக்குள் இருக்கிறது. அந்தக் கோரம் போய் அந்த இடத்தில் காத்திருக்கும் சாமர்த்தியம் வந்திருக்கிறது. தள்ளிய கதை வீணாகவில்லை. ஒரே மேசையில் பல மாதங்கள் கிடந்ததால்தான் இந்தச் சேர்க்கை நடந்தது. டி.ஆர். ராஜகுமாரி நடித்து 1948 ஏப்ரல் 9-ல் படம் வெளியானது. இடையில் வருடங்கள் ஓடியிருந்தன. அதற்குள் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த என்.எஸ். கிருஷ்ணனுக்கும் டி.ஏ. மதுரத்துக்கும் புதிதாகப் பாத்திரங்கள் உண்டாகிச் சேர்ந்திருந்தன.

இதில் இன்னொரு தகவலும் உண்டு, என் மனத்தை விட்டுப் போகாதது. கே.ஜே. மகாதேவன் இதே படத்தில் கதாநாயகனாக நடிக்கத் தொடங்கியவர். கொஞ்சம் எடுத்த பிறகு அவர் பொருந்தவில்லை என்று முடிவாகி, எம்.கே. ராதா வீரசிம்மன் ஆனார். மகாதேவன் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. எழுத்துக் குழுவிலேயே தொடர்ந்தார். தன்னிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்ட பாத்திரத்தை நல்லபடியாக ஆக்குவதற்கு உட்கார்ந்து பேசிய மனிதர் அவர். அந்த மனம் ஓர் இலாகாவுக்கு எவ்வளவு பெரிய மூலதனம் என்று யோசித்துப் பாருங்கள்.

‘மிஸ் மாலினி’ இன்னொரு வகை. 1947-ல் வந்த இந்தப் படத்துக்கு மூலக்கதை ஆர்.கே. நாராயணனுடையது, இயக்கி, சம்பத் என்ற பாத்திரத்தில் நடித்தவர் கொத்தமங்கலம் சுப்பு. நாடகக் கம்பெனியில் இருக்கும் மாலினியைச் சினிமாவுக்கு இழுத்து, பெரிய பேச்சில் எல்லோரையும் மயக்கி, கடைசியில் எல்லோரையும் நட்டாற்றில் விடுகிறவன் சம்பத். நாராயணன் பிறகு 1949-ல் ‘மிஸ்டர் சம்பத்’ என்று நாவலே எழுதினார். அதில் சம்பத் மால்குடியில் அச்சகம் நடத்துகிறவன், ஸ்ரீனிவாஸ் என்ற பத்திரிகை ஆசிரியருக்கு நண்பன், பிறகு படத் தயாரிப்பில் இறங்குகிறவன். 1952-ல் வாசன் அதே ஆளை இந்தியில் மோதிலாலை வைத்து எடுத்தார். ஐந்தே வருடங்களில் ஒரு பாத்திரம் இரண்டு படங்களிலும் ஒரு நாவலிலும் நடமாடியிருக்கிறது.

சம்பத்தை வில்லன் என்று சொல்ல வராது. அவன் பொய் சொல்லும்போது அந்தப் பொய்யை அவனே நம்புகிறான். பேசி முடிக்கும்வரை அந்தக் கம்பெனி, அந்தப் பாங்கு, அந்தப் படம் எல்லாம் அவனுக்கு நிஜம். நாவலில் இது அழகாகத் தெரிகிறது. இப்படிப்பட்டவனைத் திரையில் நிறுத்துவது கஷ்டம். கெட்டவன் என்று பார்வையாளர் ஒதுக்கிவிட்டாலும் போச்சு, அப்பாவி என்று இரங்கிவிட்டாலும் போச்சு. சுப்பு அதை எப்படிச் சமாளித்தார் என்று பார்க்க எனக்கு ஆசை. பார்க்க முடியாது. ‘மிஸ் மாலினி’யின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை. இலாகாவோடு அதன் வேலையும் சேர்ந்து அழிந்துபோனதற்குச் சாட்சியாக இந்த ஒரு படம் போதும்.

ஔவையார் பிழைத்துக்கொண்டார். சந்திரலேகாவுக்கு மாற்றாகப் பேச்சில் அடிபட்ட அந்தப் படம் 1953-ல்தான் வந்தது. இயக்கம் சுப்பு, முதிய ஔவையாக கே.பி. சுந்தராம்பாள். இங்கே இருந்த சிக்கல் நேர் எதிரானது. சந்திரலேகாவுக்குக் கதையே இல்லை, ஔவைக்கு அளவுக்கு மீறிய கதைகள். அதியமானின் தோழியான சங்ககாலப் புலவர் ஒருவர், ‘ஆத்திசூடி’ பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர், முருகனிடம் சுட்ட பழம் வாங்கிய பாட்டி வாய்மொழிக் கதைகளில் வருகிறவர். ஆராய்ச்சியாளருக்கு இவர்கள் வேறுவேறு ஆட்கள். படத்துக்கு ஒருத்திதான் வேண்டும். குமரிப்பருவத்திலேயே முதுமையை வேண்டிப் பெற்றவள் என்ற ஐதிகத்தை எடுத்து, இளம் ஔவையாகக் குசலகுமாரியைக் காட்டி, அங்கிருந்து சுந்தராம்பாளுக்குக் கொண்டுபோனார்கள். திருமணத்தை மறுத்துக் கிழவியானவள் என்பதே முதுகெலும்பு ஆயிற்று. ஊர் ஊராகப் போவதும், அரசர்களைக் கண்டிப்பதும், யானைகளை அழைத்துக் கோட்டையை இடிக்கவைப்பதும் எல்லாம், வீடு வேண்டாம் என்று சொன்ன ஒருத்தி ஊர்களையே வீடாக்கிக்கொண்டதன் தொடர்ச்சியாகப் பொருந்திவிட்டன. வரலாற்றுப்படி சரியா என்று கேட்டால் இல்லை. பாத்திரமாகச் சரியா என்று கேட்டால், இன்றைக்கும் ஔவை என்றதும் தமிழர் கண்ணில் சுந்தராம்பாள்தானே நிற்கிறார்.

இலாகா என்றாலே ஜெமினி என்று நினைத்துவிட வேண்டாம். 1956-ல் ‘தாய்க்குப்பின் தாரம்’ படத்தோடு தொடங்கிய சாண்டோ சின்னப்பா தேவரின் தேவர் பிலிம்ஸ், செலவிலும் வேகத்திலும் ஜெமினிக்கு நேர் எதிர்த் துருவம். அங்கும் கதை இலாகா இருந்தது. கலைஞானம், தூயவன் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். தேவர் படங்களை மிருகப் படங்கள் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வாயில்லாத ஜீவனைப் பாத்திரமாக்குவது எழுத்தில் மிகக் கடினமான வேலை. வசனம் துணைக்கு வராது. யானை என்ன நினைக்கிறது என்பதைச் சுற்றியிருக்கும் மனிதர்களின் நடத்தையால் மட்டுமே சொல்ல முடியும். 1967-ல் யானைகளை வைத்து ‘தெய்வச் செயல்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். ஓடவில்லை. தேவர் அந்த யானைகளை விடவில்லை. 1971-ல் இந்தியில் ‘ஹாத்தி மேரே சாத்தி’ ஆயிற்று. அங்கே சலீம்–ஜாவேத் திரைக்கதையில் கைவைத்தார்கள். அடுத்த வருடம் தமிழில் எம்.ஜி.ஆர். நடித்து ‘நல்ல நேரம்’. யானைகளோடு வளர்ந்தவனின் மனைவி, குழந்தை பிறந்ததும் யானையைக் கண்டு பயப்படத் தொடங்குகிறாள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, எந்தத் தாய்க்கும் வரும். அவள் கெட்டவள் இல்லை, யானையும் கெட்டது இல்லை, நடுவில் நிற்பவனுக்கு இரண்டும் வேண்டும். தோற்ற படத்தைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பிசைந்து பார்க்கிற பொறுமை இலாகா வைத்திருந்த கம்பெனிகளின் குணம். கலைஞானம் பின்னர் சொந்தமாகத் தயாரிப்பில் இறங்கி 1978-ல் ‘பைரவி’ எடுத்தார். ரஜினிகாந்த் தனிக் கதாநாயகனானது அந்தப் படத்தில்.

இந்த இரண்டு கம்பெனிகளுக்கு வெளியிலும் அந்தப் பழக்கம் பரவியிருந்தது. ஏவி.எம். 1954-ல் எடுத்த ‘அந்த நாள்’ ஜாவர் சீதாராமன் எழுதி வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டே இல்லாத படம். தொடக்கத்திலேயே ராஜன் சுட்டுக்கொல்லப்படுகிறான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என்று ஒவ்வொருவராக அவனைப் பற்றிச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு ராஜன். எல்லாம் சேர்ந்த பிறகுதான் ரேடியோ எஞ்சினியரான அவன் ஏன் ஜப்பானியருக்கு உளவு சொன்னான் என்பது விளங்குகிறது: தன் அறிவை இந்த நாடு மதிக்கவில்லை என்ற ஆற்றாமை. துரோகியைத் துரோகி என்று மட்டும் காட்டியிருந்தால் சிவாஜி கணேசனுக்கு அந்தப் படத்தில் வேலையே இருந்திருக்காது. ஓர் ஆளைச் சுற்றி உட்கார்ந்து பல பக்கமிருந்தும் விசாரிக்கிற வேலையைத் திரையிலேயே செய்துகாட்டிய படம் அது.

விசாரணை என்ற சொல்லைத் தெரிந்தேதான் சொல்கிறேன். பாத்திரத்தை வளர்ப்பது என்றால் அதற்கு அடைமொழி சேர்ப்பது என்று இன்று பலர் நினைக்கிறார்கள். கோபக்காரன், பாசக்காரி, வெகுளி. இப்படிச் சொன்னால் நடிகருக்கும் ஒன்றும் கிடைக்காது, எழுதுகிறவருக்கும் கிடைக்காது. இவன் சம்பளம் எவ்வளவு, அதில் வாடகைக்கு எவ்வளவு போகிறது? யாரிடம் கடன் வாங்குவான், யாரிடம் வாங்க மாட்டான்? பொய் சொல்லும்போது அதிகம் பேசுவானா, பேச்சைக் குறைப்பானா? எந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் எழுந்து போய்விடுவான்? இப்படிக் கேட்கக் கேட்கத்தான் ஆள் வருவான். ஒருவர் கேட்க இன்னொருவர் பதில் சொல்ல, மூன்றாமவர் ‘இல்லை, அவன் அப்படிச் செய்ய மாட்டான்’ என்று மறுக்க வேண்டும். அந்த மூன்றாமவருக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது என்பதுதான் இலாகாவின் உயிர். அவருக்கு இந்தப் படத்தை இயக்க வேண்டிய கவலை கிடையாது, இதில் நடிக்கவும் போவதில்லை. மறுப்பதே அவருடைய வேலையில் பாதி.

நாயகனுக்கும் நாயகிக்கும் எந்தக் காலத்திலும் யாராவது யோசிப்பார்கள். இலாகாவின் கொடை சின்னப் பாத்திரங்களில்தான் தெரியும். கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ‘ஆனந்த விகட’னில், கோபுலுவின் சித்திரங்களோடு எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடரை 1968-ல் ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். நாகஸ்வரக்காரரும் ஆட்டக்காரியும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்ற கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அந்தப் படம் நிற்பது சவடால் வைத்தியாலும், வடிவாம்பாளாலும், ஜில்ஜில் ரமாமணியாலும். நாகேஷின் வைத்தி எந்த வீட்டுத் திண்ணையிலும் அழைக்காமல் உட்காரக்கூடியவன். எல்லோருக்கும் வேண்டியவன்போலப் பேசி எல்லோரையும் விற்பவன். சம்பத்தோடு வருடக்கணக்கில் குடித்தனம் செய்த எழுத்தாளருக்கு வைத்தி எங்கிருந்து வந்தான் என்று ஊகிப்பது சிரமமில்லை. சி.கே. சரஸ்வதியின் வடிவாம்பாளுக்கு, மகளான அந்த ஆட்டக்காரியின் அழகும் கலையும் குடும்பத்தின் ஒரே சொத்து. அதைக் காப்பாற்றத்தான் அவள் அத்தனை கொடுமையும் செய்கிறாள். மனோரமாவின் ஜில்ஜில் நாடகக் கொட்டகையில் ஆடிப் பிழைக்கிறவள். சிரிக்கவைக்க வந்தவள்போல நுழைகிறாள். நாகஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்திடம் அவளுக்கு இருக்கும் மரியாதையும் பாசமும் மெல்ல வெளிப்படும்போது, படத்திலேயே அதிகம் பக்குவப்பட்ட மனுஷி அவள்தான் என்று தெரிகிறது. அவளை எடுத்துவிட்டாலும் காதல் நடக்கும். கல்யாணமும் நடக்கும். படம் இருக்காது.

இலாகா எப்படிச் செத்தது? ஜெமினியில் வாசனே ஒரு நாள் அதை மூடினார். கவிஞர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள், அவர்களோடு அந்த வக்கீலுக்கும் வேலை போயிற்று என்று அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். மூடியவரைக் குறை சொல்லி என்ன பயன்? காலம் மாறிவிட்டிருந்தது. நட்சத்திரத்தின் கால்ஷீட் கிடைத்தால் படம் என்றான பிறகு, கதை இல்லாமல் படத்தை அறிவித்து வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருக்க எந்த முதலாளிக்கும் கட்டுபடியாகாது. ஸ்டூடியோக்கள் படம் எடுப்பதை விட்டுத் தளங்களை வாடகைக்கு விட்டன. 1969-ல் வாசன் காலமானார். 1978-ல் தேவர் போனார். ஜெமினி நின்ற இடத்தில் இப்போது ஒரு நட்சத்திர ஓட்டல். பக்கத்து மேம்பாலத்துக்குத்தான் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சம்பளத்துக்கு எழுத்தாளர்களை வைத்திருந்த சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் மிஞ்சியது முகப்பு வளைவு.

அதன் பிறகு வந்தது டிஸ்கஷன். வடபழனி, கோடம்பாக்கம், தி.நகர் லாட்ஜ் அறைகளில் இயக்குநரும் உதவி இயக்குநர்களும் கதைக்கு ஆலோசனை சொல்லும் நண்பர்களும் கூடிப் பேசுவது. அதிலிருந்து எத்தனையோ நல்ல படங்கள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் இருக்கும் உதவி இயக்குநர் நாளை தனிப்படம் பண்ணக் காத்திருப்பவர். பேட்டா அளவில் பிழைப்பவர். இயக்குநரின் நாயகனைப் பார்த்து ‘அவன் அப்படிச் செய்ய மாட்டான்’ என்று அவர் எத்தனை தடவை சொல்வார்? இலாகாக்காரரும் முதலாளியை நம்பித்தான் இருந்தார், உண்மை. ஆனால் அவருக்குச் சமமாக இன்னும் நாலு பேர் அதே மேசையில் இருந்தார்கள். இந்தப் படம் போனால் அடுத்த படம் அதே மேசைக்கு வரும்.

இலாகாவைக் கோயிலாக்க நான் விரும்பவில்லை. அதன் குறை சாதாரணமானது இல்லை. யார் எந்தக் காட்சியை யோசித்தார் என்பது இலாகா என்ற பெயருக்குள் புதைந்துவிட்டது. கிட்டுவின் பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? முதலாளி பிடிக்கவில்லை என்றால் அதோடு சரி. நமக்குத் தெரியவந்த இலாகாப் பெயர்கள் எல்லாம் ஆண்களுடையவை. சந்திரலேகாவையும் மாலினியையும் ஔவையையும் பற்றி முடிவெடுத்த மேசையில் ஒரு பெண் இருந்ததாக நான் படித்ததில்லை. தனி ஒருவரின் தலையிலிருந்து இலாகாவைவிட ஆழமான பாத்திரம் வரவும் கூடும். ‘முள்ளும் மலரும்’ சாட்சி. உமாசந்திரனின் நாவலிலிருந்து மகேந்திரன் 1978-ல் எடுத்த காளி, தங்கைமேல் உயிரை வைத்திருப்பவன். அந்தப் பாசமே அவளை நெரிக்கிறது. கை போன பிறகும் திமிர் போகாதவன். கடைசியில் தங்கை தன்னிடம் திரும்பி வந்துவிட்டாள் என்ற பிறகு, அவளை மணக்க இருந்த எஞ்சினியரிடம் தானே கொண்டுபோய் ஒப்படைக்கிறான். அப்போதும் அந்த மனிதரைத் தனக்குப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் ஒப்படைக்கிறான். திருந்திவிட்டான் என்று முடித்திருந்தால் காளி பொய்யாகியிருப்பான். அவன் தோற்காமலே இறங்கிவருகிறான். இலாகாவில் ஐந்து பேர் கேட்கும் கேள்வியை எல்லாம் மகேந்திரன் தனியாகவே தன்னிடம் கேட்டுக்கொண்டார்.

அப்படிக் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர்கள் எல்லாக் காலத்திலும் மிகச் சிலர்தான். மற்றவர்களுக்காகத்தான் இலாகா தேவைப்பட்டது. இன்று தயாரிப்பாளர் முன்னால் ஒன்லைன் சொல்கிறோம், ஹீரோவின் இன்ட்ரோ சொல்கிறோம், இன்டர்வெல் பிளாக் சொல்கிறோம். நாயகனின் அப்பா எங்கே வேலை பார்த்தார் என்று யாரும் கேட்பதில்லை. எனவே அவர் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நண்பனுக்குச் சொந்தக் கவலை கிடையாது. நாயகிக்கு நாயகனைத் தவிர வேறு யோசனை கிடையாது. வில்லனின் ஆட்கள் இருபது பேரில் ஒருவனுக்கும் பெயர் கிடையாது. வைத்தியும் ஜில்ஜில்லும் வடிவாம்பாளும் இருந்த இடங்கள் எல்லாம் திரையில் அப்படியே காலியாகக் கிடக்கின்றன. பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கத் தெரிந்த நடிகர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். கொடுக்க அவர்கள் கையில் பாத்திரம் இல்லை.

படத்துக்குப் பல கோடி செலவு செய்யும் நிறுவனங்கள், ஒரு நாள் படப்பிடிப்புச் செலவில் மூன்று நான்கு பேருக்கு வருடச் சம்பளம் கொடுத்து ஒரு மேசையில் உட்காரவைக்கலாம். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். டைட்டிலில் இலாகா என்று போடாமல் அத்தனை பேரின் பெயரையும் போடட்டும். மாதக் கடைசியில் படம் கையில் வராவிட்டாலும் அவர்களை அனுப்பாமல் இருக்கட்டும்.

இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் யாராவது ஜெமினியிலோ மாடர்ன் தியேட்டர்ஸிலோ ஏவி.எம்.மிலோ தேவர் பிலிம்ஸிலோ எழுத்து வேலை பார்த்தவரின் பிள்ளையாகவோ பேரப்பிள்ளையாகவோ இருக்கலாம். உங்கள் வீட்டுப் பரணில் அவருடைய சீன் நோட்டு, அடித்துத் திருத்திய வசனத்தாள், தள்ளுபடியான கதை ஏதாவது கிடக்கக்கூடும். படம் தொலைந்துபோன பிறகு அந்தத் தாள்தான் சாட்சி. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய பேப்பர்காரருக்கு எடை போடுவதற்கு முன் அங்கே ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள்.